வெந்நீர்க் கணக்கு

"சூரியனுக்கு யாரும் பில்லு போட முடியாதுல்லா சார்"
என்றான் விற்க வந்த பையன்.
அந்த ஒரு வரியில் விழுந்தார் மாசிலாமணி.
இருபது குழாய், இருநூறு லிட்டர், நாற்பத்தோராயிரம்.
ஆறே வருஷத்தில் போட்ட காசு திரும்பிவிடும் என்று
காலண்டர் அட்டையின் பின்பக்கம் கூட்டிக் காட்டினார்.
மிச்சம் என்று ஒரு பத்தி இருந்தது.
செலவு என்று இல்லை.
பிறகு நான்தான் கோடு போட்டேன்.

முதல் வருஷம் குறை சொல்ல ஒன்றுமில்லை.
அம்பாசமுத்திரத்தில் நைட் டூட்டி முடிந்து
ஏழேமுக்கால் பஸ்ஸில் வந்து இறங்கினால்
டெட்டால் வாடை போகும்வரை ஊற்றிக்கொள்ளலாம்.
விளாவ விளாவ வாளி நிறைந்துவிடும்,
சூடு குறையாது.

இரண்டாம் ஆவணியில் மலையிறங்கி வந்தன.
விக்கிரமசிங்கபுரத்தில்
குரங்குக்குத் தெரியாத மாடி கிடையாது.
ஒன்று குழாயில் முகம் பார்த்தது.
உள்ளே இருந்தும் ஒன்று பார்த்தது.
மூன்று குழாய் காலி.
ஒன்று எழுநூற்றைம்பது;
கொண்டுவரும் வழியில் உடைந்த நாலாவதும் நம் கணக்கில்.
வலை அடிக்க இரண்டாயிரத்து இருநூறு.
அதன் பிறகு வலைமேல் உட்கார்ந்து
பேன் பார்த்துக்கொண்டன,
குழாய்கள்மேல் நிழல் விழ.

அப்புறம் உப்பு.
ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது,
எங்கள் தெருவுக்கு வருவதென்னவோ போர் தண்ணீர்.
கிதியோன் குழாயைக் கவிழ்த்துத் தட்டினான்.
முட்டை ஓடு மாதிரி கொட்டியது.
"சூரியன்ல ஒரு குத்தமும் இல்லக்கா,
தண்ணிதான் சரியில்ல."
ஆசிட் விட்டுக் கழுவ ஆயிரத்து நூறு.
வாஷர் இருபது, ஒன்று முப்பது ரூபாய்.
டீக்குக் காசு வாங்க மாட்டான் கிதியோன்,
பெட்ரோலுக்கு வாங்குவான்.

ஆனி ஆடியில் மேகம் மலையைவிட்டு நகராது.
ஊரே அணை எத்தனை அடி என்று கேட்டுச் சந்தோஷப்படும்.
மாடியில் நின்று வானத்தை முறைக்கிற ஒரே ஆள் இவர்தான்.
டாங்கிக்குள் இருக்கும் கரண்டு காயிலை
எனக்குத் தெரியாமல் போடுவார்.
மீட்டருக்குத் தெரியும்.

ஐந்தாம் வருஷம் டாங்கி ஓரத்தில் ஒரு துளி.
கிதியோன் உள்ளேயிருந்து ஒரு ராடை உருவினான்.
போடும்போது கட்டைவிரல் பருமன் இருக்குமாம்.
வெளியே வந்தது
அங்கங்கே கம்பி தெரியும் ஒரு குச்சி.
"இது எதுக்கு?"
"டாங்கிய அரிக்காம இருக்க இத அரிக்கவிடுதோம்.
ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க மாத்தணும்.
யாரும் சொல்லலியா?"
சொல்லவில்லை.
ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு
அப்போதுதான் வந்திருந்தேன்.
ஓர் உவமை நாக்கு நுனிவரை வந்தது.
விழுங்கிவிட்டு,
பழைய ராடை எடைக்குப் போடலாமா என்று கேட்டேன்.
"எடைக்கு எங்க வரும்க்கா, மிச்சம் இருந்தாத்தான?"
புது ராடு தொள்ளாயிரம்.

ஆறு வருஷம் முடிந்தது.
என் பத்தியில் ஏழாயிரத்து எண்ணூறு,
கிதியோன் பெட்ரோல் தனி.
அவர் பத்தியைக் கூட்ட அவரே முன்வரவில்லை.
நேற்றுச் சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்:
"ஹீட் பம்ப்னு ஒண்ணு வந்திருக்காம்.
காத்துல இருந்தே சூடு எடுக்குமாம்.
காத்துக்கு யாரு பில்லு போடுவா?"
நான் ரசத்தை ஊற்றினேன்.

காலையில் வழக்கம்போல
பைப்பில் நின்ற பச்சைத் தண்ணீர் முதலில் வந்தது,
அரை வாளி.
அது எப்போதும் பின்வாசல் எலுமிச்சைக்கு.
கடையில் ஒரு பழம் எட்டு ரூபாய் விற்ற சித்திரையிலும்
நாங்கள் விலைக்கு வாங்கவில்லை.
அட்டையில் இதற்கு இடமே விடவில்லை, இரண்டு பேரும்.
வாளியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்புவதற்குள்
குளியலறையில் ஆவி கட்டிவிட்டது.